செவ்வாய் ராத்திரி, விடிஞ்சா புதன்: கால்பந்துக் கோப்பை பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

2014 ஜூலை. நோன்பு மாதம். கீழக்கரையில் எங்கள் தெருமுனை டீக்கடைச் சுவரில் உலகக் கோப்பை அட்டவணையைக் கையால் எழுதி ஒட்டியிருந்தோம். பிரேசில் - ஜெர்மனி அரையிறுதிக்கு நேராக ‘ஜூலை 8, இரவு 1.30’ என்று இருந்தது. எழுதியவன் நான்தான். தராவீஹ் தொழுகை முடிந்து, திங்கட்கிழமை ராத்திரி ஒரு பட்டாளமே டிவி முன்னால் உட்கார்ந்தது. ஒன்றரை ஆனது. என்றைக்கோ முடிந்துபோன ஆட்டத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தான். “மழையா இருக்கும் காக்கா, செத்த பொறுங்க” என்றான் ஒருவன். விடியலுக்கு முந்தின சஹர் சாப்பாடு வரைக்கும் பொறுத்தோம்.

அடுத்த நாள் அந்த அலுப்பில் அடித்துப் போட்ட மாதிரி தூங்கிவிட்டேன். உம்மா சஹருக்கு எழுப்பியபோது போனில் மச்சானின் மெசேஜ்: 7-1. ஒன்றுக்கு ஒன்று என்பதைத் தப்பாகத் தட்டிவிட்டான் என்று நினைத்துக்கொண்டே சோற்றில் கை வைத்தேன். 23ஆம் நிமிடத்திலிருந்து 29க்குள் ஜெர்மனி நான்கு கோல் போட்ட அந்த ஆட்டத்தை நான் இன்றுவரை நேரலையில் பார்த்தவனில்லை.

எங்கே பிசகினோம்? பெலோ ஒரிசாண்டேயில் ஜூலை 8 மாலை 5 மணி என்றால் நமக்கு ராத்திரி 1.30. மணியைச் சரியாக மாற்றினோம், தேதியை அப்படியே விட்டுவிட்டோம். நள்ளிரவைத் தாண்டியதும் நமக்கு ஜூலை 9 பிறந்துவிடுகிறது. அது புத்திக்குத் தெரிந்தாலும் பழக்கத்துக்குத் தெரியாது. நம் வீட்டில் காலண்டர் தாளைக் காலையில் எழுந்துதானே கிழிக்கிறோம்? இதற்கு மருந்து நம் பேச்சிலேயே இருக்கிறது. கல்யாண வீட்டு ராத்திரியையும் கந்தூரி ராத்திரியையும் எப்படிச் சொல்வோம்? ‘செவ்வாய் ராத்திரி, விடிஞ்சா புதன்.’ அதற்குப் பிறகு எங்கள் கடைச் சுவரில் தேதியே எழுதுவதில்லை, இப்படித்தான் எழுதுகிறோம். 2026 உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் நியூ ஜெர்சியில் ஜூலை 19, மாலை 3 மணி. நம் சுவரில் அது ‘ஞாயிறு ராத்திரி 12.30, விடிஞ்சா திங்கள்’.

இதன் கூடப்பிறந்த தவறு, ‘அமெரிக்கா நேரம்’ என்று ஒன்று இருப்பதாக நினைப்பது. கோடையில் நியூயார்க்குக்கும் நமக்கும் ஒன்பதரை மணி நேரம். லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் பன்னிரண்டரை. மெக்சிகோ சிட்டிக்குப் பதினொன்றரை. ஐரோப்பாவிலோ கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள். ஜெர்மனிக்கும் நமக்கும் குளிர்காலத்தில் நாலரை மணி, கோடையில் மூன்றரை. போன சீசனில் பார்த்த கணக்கை மனதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பாதி ஆட்டம் போயிருக்கும். (தனுஷ்கோடிப் பக்கம் நின்று போனில் பார்க்கிறவர்கள் இதையும் கவனிக்கணும்: அங்கே சில நேரம் இலங்கை டவர் தொற்றிக்கொள்ளும். அவர்கள் நேரமும் நம் நேரமும் ஒன்றுதான் என்பதால் மணி மாறாது. ரோமிங்கை அணைக்காமல் விட்டிருந்தால் பில் மாறும்.)

தூக்கத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்வதை நான் சின்னத் தவறாக எழுத மாட்டேன். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2026 உலகக் கோப்பை தொடங்கும் ஜூன் 11 வியாழன் ராத்திரி, விடிஞ்சா வெள்ளி. அதாவது முதல் சில ஆட்டங்களுக்கு விசைப்படகுக்காரர்கள் கரையில், அதன் பிறகு கடலில். இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டு முதல் பாடு போகும் நாட்களும், ராத்திரி முழுக்க ஆட்டம் ஓடும் நாட்களும் ஒன்றாக வந்து விழுகின்றன. போதாதற்கு அந்த மாதங்களில் கச்சான் காற்று வேறு வீசும். பாம்பனில் படகு வைத்திருக்கும் கூட்டாளி ஒருத்தரிடம் ஒருமுறை கேட்டேன். “பாய், ஆட்டம் பாத்துட்டு வாரவன வலை இழுக்கக்கூட வச்சுக்குருவோம். சுக்கான் பக்கம் விடமாட்டோம்” என்றார். கரையில் வேலை பார்ப்பவர்களுக்கும் கணக்கு அதேதான். 48 அணிகள், 104 ஆட்டங்கள். எல்லாவற்றையும் பார்ப்பேன் என்று சபதம் போட்டவர் இரண்டாம் வாரமே படுத்துவிடுவார், நல்ல ஆட்டமெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும். லீக் சுற்றில் ராத்திரிக்கு ஒன்றே ஒன்று என்று பொறுக்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் லீக் சுற்றின் கடைசி நாளில் மட்டும் ஒரே ஆட்டத்தோடு நிற்காதீர்கள். ஒரு பிரிவின் இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. 1982இல் ஸ்பெயினின் ஹிகோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதின. அதே பிரிவில் இருந்த அல்ஜீரியா தன் ஆட்டங்களை முந்தின நாளே முடித்துவிட்டதால், 1-0 என்று முடிந்தால் இருவருமே மேலே போகலாம் என்று இவர்களுக்குத் தெரியும். ஒரு கோல் விழுந்தது, மீதி நேரம் பந்தைத் தட்டிக்கொண்டே ஓட்டினார்கள். அல்ஜீரியா வெளியே. அதன் பிறகுதான் இந்த ஏற்பாடு. 2022 கத்தாரில் அதன் ருசியைப் பார்த்தோம். ஒரு திரையில் ஜப்பான் ஸ்பெயினை 2-1 என்று முந்தி நிற்கிறது, இன்னொரு திரையில் கோஸ்டா ரிக்கா ஜெர்மனியை முந்துகிறது. அந்த மூன்று நிமிடம் ஸ்பெயின், ஜெர்மனி இரண்டுமே வெளியே! கடைசியில் ஜெர்மனி 4-2 என்று ஜெயித்தும் ஊருக்குப் போனது, ஸ்பெயின் தோற்றும் தங்கியது. ஒரு திரையை மட்டும் பார்த்தவருக்கு இந்தக் கதையில் பாதிதான் கிடைத்திருக்கும்.

ஸ்பெயினைக் காப்பாற்றியது கோல் வித்தியாசம், அதாவது போட்ட கோலில் வாங்கிய கோலைக் கழித்த கணக்கு. இதை வைத்துக்கொண்டு எல்லாக் கோப்பைக்கும் இதே விதி என்று டீக்கடையில் அடித்துப் பேசுவது அடுத்த தவறு. யூரோ என்கிற ஐரோப்பியக் கோப்பையில் புள்ளி சமமானால் முதலில் பார்ப்பது, சமமான அணிகள் தங்களுக்குள் மோதிய முடிவை. 2024 யூரோவில் ருமேனியா, பெல்ஜியம், ஸ்லோவாக்கியா, உக்ரைன் நான்குக்குமே 4 புள்ளி. மூன்று அணிகள் மேலே போயின, உக்ரைன் மட்டும் வெளியே. 2018 உலகக் கோப்பையில் ஜப்பானும் செனகலும் எல்லாக் கணக்கிலும் சமமாகி, மஞ்சள் அட்டை குறைவாக வாங்கிய ஜப்பான் தப்பியது. கோப்பை தொடங்குவதற்கு முன் அந்தக் கோப்பையின் விதியைப் பத்து நிமிடம் வாசித்துவிடுங்கள். ஒரு மாதச் சண்டை மிச்சம்.

போனில் பார்ப்பவருக்கு வேறொரு வில்லங்கம். இணையத்தில் வரும் படம் டிவியைவிடப் பிந்தி வரும். 2022 இறுதி ஆட்டத்தன்று நான் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். என் திரையில் பிரான்ஸ்காரன் பந்தை வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருக்கிறான், பக்கத்துத் தெருவில் வெடி வெடிக்கிறது. தோஹாவிலிருந்து மச்சானின் வாய்ஸ் மெசேஜ் வந்து விழுகிறது, பின்னணியில் ஒரே கூச்சல். எம்பாப்பே அடித்த இரண்டாவது கோல் எனக்குச் செய்தியாகத்தான் வந்தது, காட்சியாக அல்ல. பெரிய ஆட்டமென்றால் டிவி இருக்கும் இடத்துக்குப் போய்விடுங்கள். முடியாதென்றால் நோட்டிபிகேஷனை அணையுங்கள், மச்சான்மாரையும் இரண்டு மணி நேரம் மியூட்டில் போடுங்கள். அந்த ஆட்டம் பெனால்டியில் 4-2 என்று முடிந்தது. அதையும் கோலோடு கூட்டி 7-5 என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள் உண்டு. கணக்குப் புத்தகத்தில் அது 3-3 சமன்தான்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் நேரில் பார்க்க ஆசைப்படுவது நியாயம். கத்தாரில் குடியிருந்தவர்களுக்கு 40 ரியாலுக்கே டிக்கெட் இருந்தது. ஆனால் டிக்கெட்டின் படத்தைக் காசு கொடுத்து வாங்கி ஏமாந்த பையன் எங்கள் தெருவிலேயே இருக்கிறான். ஆப்பில் உங்கள் பெயருக்கு வராதது டிக்கெட் இல்லை. டிக்கெட் கிடைத்துவிட்டால் விசா கிடைத்த மாதிரி என்றும் நினைக்கக் கூடாது.

பெயரில் இருக்கும் ஆண்டை நம்பினாலும் ஏமாறுவோம். யூரோ 2020 நடந்தது 2021இல். ஆசியக் கோப்பை 2023 நடந்தது 2024 ஜனவரி, பிப்ரவரியில். அதில் இந்தியா மூன்று ஆட்டமும் தோற்றது, ஒரு கோல்கூட இல்லை. அதனால்தானோ என்னவோ, நம்மவர்கள் ஆசியக் கோப்பை என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடுகிறோம். பெண்கள் ஆட்டத்தை விடுவதும் அப்படித்தான். 2023 பெண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் சிட்னியில். நமக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்றரை மணி. சோறு தின்றுவிட்டுச் சாய்ந்துகொண்டே பார்த்திருக்கலாம், பார்த்தவர் எத்தனை பேர்? 2019இல் இந்தியப் பெண்கள் லீக்கை ஜெயித்ததே மதுரையின் சேது எஃப்சிதான்.

கடைசியாக, 1950 கதை. வெறுங்காலோடு ஆட பிஃபா விடவில்லை, அதனால்தான் இந்தியா உலகக் கோப்பைக்குப் போகவில்லை என்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை யாராவது அனுப்புவார்கள். நானும் அனுப்பியிருக்கிறேன். மற்ற நாடுகள் விலகியதால் இந்தியாவுக்கு இடம் கிடைத்தது உண்மை, 1948 ஒலிம்பிக்கில் நம்மவர்கள் பலர் வெறுங்காலோடு ஆடியதும் உண்மை. ஆனால் போகாததற்கு நீண்ட பயணம், பயிற்சிக்கு நேரமின்மை என்று சங்கம் சொன்ன காரணங்கள் வேறு. அந்தக் காலத்தில் அவர்களுக்கு ஒலிம்பிக்தான் பெரிது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் நான் சிக்கிக்கொண்டேன். 2024இல் தென் அமெரிக்காவின் கோப்பையான கோபா அமெரிக்கா இறுதி, ஞாயிறு ராத்திரி, விடிஞ்சா திங்கள், 5.30. இம்முறை நாளும் மணியும் சரி. ஸ்கோர் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மகனும் நானும் உட்கார்ந்தோம். மயாமி மைதான வாசலில் கூட்டம் முண்டியடித்ததில் ஆட்டமே எண்பது நிமிடத்துக்கு மேல் தள்ளிப்போனது. அன்றைக்கு ஜூலை 15, காமராஜர் பிறந்தநாள்; பள்ளிக்கூடத்தில் அவனுக்குப் பேச்சுப் போட்டி. 0-0 இருக்கும்போதே சீருடையைப் போட்டுக்கொண்டு கிளம்பினான். 112ஆம் நிமிடத்தில் அர்ஜென்டினாவின் லாட்டாரோ மார்டினெஸ் கோல் அடித்தபோது வீட்டில் நான் மட்டும்தான். சாயங்காலம் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, “வாப்பா, மெஸ்ஸிதானே?” என்றான். மெஸ்ஸி கணுக்கால் வீங்கி வெளியே உட்கார்ந்து அழுத கதையை அவனுக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.