தரங்கம்பாடியில் இரவுப் பேய் நடை: கூட்டிப்போகிறவர்களுக்கு

ஊரின் பழங்கதைகளைச் சொல்லியபடி ஆட்களை இருட்டில் நடத்திக் கூட்டிப்போவதுதான் பேய் நடை. முதலில் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். பௌர்ணமியும் வேண்டாம், அமாவாசையும் வேண்டாம். பௌர்ணமி கழிந்து மூன்றாம் நாள்தான் சரி. நிலா தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி எழும் என்பதால் அன்று எட்டரையை ஒட்டி வரும். நகர வாசலில் தொடங்கும் கிங் தெரு கிழக்கே கடலை நோக்கித்தான் போகிறது. நிலா எழும் நேரத்துக்கு ஒன்றேகால் மணி முன்னால் வாசலில் கிளம்பினால், தெரு முழுவதும் இருட்டில் கழியும். கரையில் கால் வைக்கும்போது கடலுக்குள்ளிருந்து செக்கச் சிவந்த நிலா எழும்பும். இதற்கு ஈடான கதை எதுவும் உங்களிடம் இருக்காது. பௌர்ணமியன்று மாலையிலேயே நிலா வந்து தெருவை வெளுக்க வைத்துவிடும். அமாவாசையில் படி எது, பள்ளம் எது என்று தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையே வேண்டாம்.

ஆட்கள் 12 பேருக்கு மேல் வேண்டாம். முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என வழிகாட்டிகள் இருவர் அவசியம். கடைசி ஆள் இல்லாவிட்டால் படம் எடுக்க நின்றவர் பின்தங்குவார், யாருக்கும் தெரியாது. டார்ச் மூன்று போதும்: இருவருக்கும் ஒவ்வொன்று, ஒன்று கைக்காவல். கண்ணாடி மேல் சிவப்பு செலோபேன் தாளை இரண்டு மடிப்பாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிடுங்கள். கண் இருட்டுக்கு நன்றாகப் பழக 20 நிமிடமாவது ஆகும். ஒரே ஒரு செல்போன் திரை அதைக் கெடுத்துவிடும். போனைப் பைக்குள் வைக்கச் சொல்லும்போது காரணத்தையும் சொல்லுங்கள், கேட்பார்கள்.

காவல் நிலையத்திலும் பேரூராட்சியிலும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தேவாலய வளாகத்துக்குள் போவதென்றால் போதகரிடம் அனுமதி வாங்குங்கள். டேனியர் (டென்மார்க்காரர்கள்) இங்கே கட்டிய டான்ஸ்போர்க் கோட்டையை மாலையில் பூட்டிவிடுவார்கள். கதை மதிலுக்கு வெளியேதான். பகலில் ஒருமுறையும், இரவில் அதே நேரத்தில் ஒருமுறையும் நடந்து பாருங்கள். எந்தத் தெருவிளக்கு எரிகிறது, எந்த முனையில் நாய்கள் படுத்திருக்கின்றன என்பதெல்லாம் பகலில் தெரியாது. நாய் குரைத்தால் நின்றுவிட வேண்டும். கூட்டத்தில் ஒருவர் ஓடினால் போதும், அத்தனையும் துரத்தும்.

முதல் நிறுத்தம் 1792-ல் திரும்பக் கட்டிய நகர வாசல். இங்கே கதை சொல்லாதீர்கள். டார்ச்சை அணைத்து ஒரு நிமிடம் எல்லோரும் பேசாமல் நிற்கட்டும். ‘அரண்டவன் கண்ணுக்கு’ என்று பழமொழியில் ஆரம்பிக்கிற ஆசையை அடக்குங்கள். அந்த ஒரு நிமிடமே வேலையைச் செய்துவிடும்.

நீளமான கதைகளைத் தெருவுக்குள், சுவர் ஓரமாகச் சொல்லிவிடுங்கள். புது எருசலேம் ஆலயம் 1718-ல் திறக்கப்பட்டது. அதைக் கட்டிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு அடுத்த பிப்ரவரியில் 36 வயதில் இறந்து, உள்ளேயே பலிபீடத்துக்கு முன் புதைக்கப்பட்டார். இன்றும் வழிபாடு நடக்கும் இடம். அவரை வெள்ளை அங்கியில் நடமாட விடாதீர்கள். பொய் என்பது ஒருபுறம், ஊர்க்காரர் ஒருவர் கேட்டாலே சண்டை வரும். அதே மனிதரை 1708-ல் டேனிய ஆளுநர் கோட்டையில் நான்கு மாதம் அடைத்து வைத்தார். மதிலருகே இதைத் தாழ்ந்த குரலில் சொன்னால் போதும், கேட்பவர்களே சுவரில் காது வைப்பார்கள். ஊரில் கேட்ட பேய்க்கதை இருந்தால் ‘என்று சொல்வார்கள்’ என்றே முடியுங்கள்.

கரையில் சிக்கலே அலையோசைதான். காற்று பெரும்பாலும் கடலிலிருந்து வீசும். நீங்கள் கடலுக்கு முதுகு காட்டி நின்றால் குரல் காற்றோடு கூட்டத்துக்குப் போகும். அவர்கள் பார்வையில் உங்களுக்குப் பின்னால் கறுத்த கடல் இருக்கும். அப்படியும் நாலைந்து வாக்கியத்துக்கு மேல் காதில் ஏறாது. அதற்கேற்ற கதை இது: 1619-ல் டேனியக் கப்பல் ஒன்றைப் போர்த்துக்கீசியர் காரைக்கால் அருகே அழித்தார்கள். மாலுமிகள் இருவரின் தலைகளைக் கரையில் கழியில் குத்தி வைத்தார்கள். தப்பிக் கரையேறிய கப்பல் தலைவர் ரோலண்ட் கிராப்பேயும் 13 பேரும் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் கொண்டுபோகப்பட்டார்கள். அடுத்த ஆண்டு அதே நாயக்கர்தான் இந்த ஊரில் கோட்டை கட்ட இடம் கொடுத்தார்.

மாசிலாமணிநாதர் கோயிலுக்குப் பேயே தேவையில்லை. பாண்டியர் காலக் கோயிலின் முன்பக்கத்தைக் கடல் தின்றுவிட்டது என்று சொல்லி, அலையைக் காட்டுங்கள். கரையோரப் பாறைகள் மேல் யாரையும் ஏற விடாதீர்கள். பாசி வழுக்கும், பாறை இடுக்கில் கால் சிக்கும்.

2004 டிசம்பர் 26 பற்றி யாராவது கேட்பார்கள். சுனாமி இங்கே வந்தது, பலரைக் கொண்டுபோனது என்று நேராகச் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். அதைப் பேய்க்கதை ஆக்காதீர்கள். பிள்ளையை இழந்த தாய் பக்கத்துத் தெருவில் இருக்கலாம்.

இருட்டில் ஆளை ஒளித்து வைத்துக் கத்தவிடும் வித்தையும் வேண்டாம். பின்னால் நிற்பவர் மிரண்டு சாய்வார், கணுக்கால் பிசகும். விடியுமுன் கடலுக்குப் போகிறவர்கள் ஒன்பது மணிக்கே தூங்கிவிடுவார்கள். ஒரு அலறலுக்கு மறுநாள் அந்தத் தெருவில் உங்களுக்கு வரவேற்பு இருக்காது.

கூட்டத்தைக் கரையிலேயே கலைத்துவிடாதீர்கள். சிலர் தண்ணீரில் இறங்கப் போவார்கள். வாசல் வரை திரும்ப நடத்திவந்து தலையை எண்ணுங்கள். 12 சரியாக இருந்த பிறகு டார்ச்சை அணைக்கலாம்.