மழையில் தொடங்கி அரசியலுக்குப் போவது எப்படி?

ஊர்க்குறிப்பு எழுதிப் பழக நினைப்பவர்களுக்குச் செங்கோட்டைப் பக்கமிருந்து ஒரு வழி சொல்கிறேன். இங்கே மழை, வியாபாரம், அரசியல் எல்லாமே கேரள எல்லையைத் தாண்டித்தான் போக்குவரத்து. அதனால் தனித்தனியாக எழுதத் தேவையில்லை.

முதல் வேலை, மழையை அளப்பது. "இன்று நல்ல மழை" என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. பக்கங்கள் நேராக இருக்கும் டப்பா ஒன்றை மொட்டைமாடியில் வையுங்கள். அடி அகன்று வாய் குறுகிய பாட்டில் ஆகாது. காற்றில் சாயாமல் சுற்றிலும் செங்கல் கொடுங்கள். வானிலைத் துறையின் கணக்கைப் போலவே காலை 8.30 மணிக்கு ஸ்கேலை விட்டுப் பாருங்கள். 1 மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர் தண்ணீர். சாரல் காலத்தில் ஒரு வேடிக்கை நடக்கும்: கொடியில் போட்ட துணி நாள் முழுக்கக் காயாது, டப்பாவிலோ அடி நனையத்தான் தண்ணீர் இருக்கும். அதை அப்படியே எழுதுங்கள். முதல் பத்தி தயார்.

தேதியும் காற்றடிக்கும் திசையும் ஒரு வரி போதும்.

அப்புறம், அந்த மழை யாரைத் தொட்டது என்று பாருங்கள். குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தால் பழக்கடைக்காரருக்குக் கொண்டாட்டம். அதே நாளில் களத்தில் நெல் காயப்போட்டவர் வானத்தைத் திட்டிக்கொண்டிருப்பார். ஓணம் நெருங்கினால் பூ விலையைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நேற்றைய விலையையும் பக்கத்தில் எழுதினால்தான் அதற்கு அர்த்தம்.

சரி, அரசியல். அதைத் தேடிப் போக வேண்டாம், கேரள எல்லையில் இருக்கும் புளியரை சோதனைச்சாவடி ரோட்டிலேயே வரும். "நம்ம ஜல்லி அங்கே போகுது, அவங்க குப்பை இங்கே வருது" என்று டீக்கடையில் ஒருவர் சொன்னால், அது அவர் பேச்சு என்று தெரியும்படி எழுதுங்கள். அடுத்த வரியில் உறுதியான செய்தியை வையுங்கள்: 2024 டிசம்பரில் திருநெல்வேலி அருகே கொட்டப்பட்டிருந்த மருத்துவக் கழிவை, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு கேரளம் லாரிகளில் அள்ளிக்கொண்டு போனது. கேட்டதும் தெரிந்ததும் ஒரே வாக்கியத்தில் கலந்தால் குறிப்பு வதந்தியாகிவிடும்.

"அவங்க" என்ற சொல்லையும் அளந்தே போடுங்கள். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம்தான் இருந்தது. கொல்லம் பக்கம் கொடுக்கல் வாங்கல் உள்ள குடும்பங்கள் இங்கே உண்டு. கோபமாக எழுதலாம், தப்பில்லை. ஆனால் கோபம் லாரிக்காரர் மீதா, அனுமதி கொடுத்தவர் மீதா, கொட்டச் சொன்னவர் மீதா என்று பிரித்துச் சொல்லுங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான்.

எழுதி முடித்ததும் வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள். டீக்கடையில் பேசியவரின் பெயரை எடுத்துவிடுங்கள். நாளைக்கும் அங்கேதான் டீ குடிக்கப் போகிறீர்கள்.