ஒரு புத்தகம், ஒரு சீசன், ஒன்பது கார்டுகள்: ஃபார்முலா 1 கார்டு சேகரிப்பைத் தொடங்கும் வழி

ஃபார்முலா 1 கார்டு, அதாவது அந்தக் கார் பந்தயத்தைச் சேர்ந்தவர்களின் படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டை, சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் எடுத்த எடுப்பில், உள்ளே யாருடைய கார்டு இருக்கிறது என்று தெரியாத பாக்கெட்டுகளை வாங்குவதில் இறங்கிவிடுகிறார்கள். சில மாதங்களில் மேசை டிராயர் நிரம்பிவிடும். அதில் பாதிப் பேர் யார், எந்த அணிக்கு ஓட்டினார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. இந்தப் பதிவில் நான் சொல்லும் வழி வேறு. முதலில் பந்தய உலகத்தைச் சேர்ந்த ஒருவருடைய நினைவுக்குறிப்பைப் படியுங்கள். எந்தக் கார்டு வேண்டும் என்பதை அந்தப் புத்தகமே சொல்லட்டும். செலவு கட்டுக்குள் இருக்கும், வாங்கிய ஒவ்வொரு கார்டைப் பற்றியும் உங்களுக்குச் சொல்ல ஏதாவது இருக்கும்.

படி 1: ஒரே சீசனைப் பேசும் புத்தகத்தை எடுங்கள்

பிறப்பில் தொடங்கி ஓய்வுவரை போகும் தன்வரலாறுகளைப் பிறகு படிக்கலாம். தொடக்கத்துக்கு ஒரே ஆண்டின் கதை போதும். என் பரிந்துரை, ஹாஸ் அணியின் தலைவராக இருந்த குந்தர் ஸ்டைனர் 2023-ல் வெளியிட்ட ‘சர்வைவிங் டு டிரைவ்’. 2022 சீசனை நாட்குறிப்பாகவே எழுதியிருக்கிறார். ஆங்கிலம் எளிமையாக, பேசுவது போலவே இருக்கும். கெட்ட வார்த்தைகள் தாராளமாக வரும். பள்ளிப் பிள்ளைக்கு வாங்குகிறவர்கள் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதை நான் சொல்வதற்குக் காரணம், அது சாம்பியன் அணியின் கதை இல்லை என்பதுதான். 2021-ல் ஹாஸ் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. 2022 தொடங்கும் நேரத்தில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. ரஷ்ய விளம்பரதாரரும் போனார், ஓட்டுநர் நிகிதா மாஸெபினும் போனார். அவசரமாகத் திரும்ப அழைக்கப்பட்ட கெவின் மேக்னஸன், முதல் பந்தயமான பஹ்ரைனிலேயே ஐந்தாவதாக வந்தார். நவம்பரில் பிரேசிலில், மழை மாறி மாறி விளையாடிய ஒரு தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்தார். அது ஹாஸ் அணியின் முதல் ‘போல்’ (தகுதிச் சுற்றின் முதலிடம்). அதே ஆண்டில் அணியின் இன்னொரு ஓட்டுநரான மிக் ஷூமாக்கரின் கார் ஜெட்டாவில் நொறுங்கியது, மொனாக்கோவில் இரண்டாகப் பிளந்தது. சீசன் முடியும்போது அவருக்கு இடமும் இல்லாமல் போனது. அணிக்குக் கிடைத்தது 37 புள்ளிகள், எட்டாவது இடம். இவ்வளவும் ஒரே ஆண்டில் நடந்தது.

படி 2: பந்தய முடிவுகளைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி, அவசரப்படாமல் செய்யுங்கள். அந்த ஆண்டின் பந்தய அட்டவணையையும் முடிவுகளையும் ஒரு தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் வையுங்கள். ஒவ்வொரு பந்தயம் வரும்போதும் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

முடிவுப் பட்டியல் தனியாக நின்றால் பல நேரம் ஏமாற்றிவிடும். நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனையே எடுத்துக்கொள்வோம். 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஓட்டியபோது இண்டியானாபோலிஸில் நான்காவதாக வந்தார். எண்ணை மட்டும் பார்த்தால் ஃபெராரிகளோடு மல்லுக்கட்டி வந்த இடம் போலத் தெரியும். உண்மையில் டயர் பாதுகாப்புச் சிக்கலால் மிஷெலின் டயர் போட்ட 14 கார்களும் பந்தயம் தொடங்கும் முன்பே விலகிவிட்டன. ஓடியது ஆறே கார்கள். அந்த ஐந்து புள்ளிகள் அவருக்கு உரியவைதான். ஆனால் அன்று நடந்ததை எண் சொல்லாது. கார்டின் பின்பக்கத்தில் அச்சாகும் எண்களும் அப்படித்தான்.

நினைவுக்குறிப்பு எழுதுகிறவரும் தன் பக்கத்து நியாயத்தைத்தான் சொல்வார். ஸ்டைனர் மிக் ஷூமாக்கரைப் பற்றி எழுதும் இடங்களைப் படிக்கும்போது, இது அணியின் செலவுக்குப் பொறுப்பான ஒருவரின் பார்வை என்பதை மறக்க வேண்டாம். மனதில் நின்ற இடத்தின் பக்க எண்ணைப் பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள்.

படி 3: ஒன்பது பேர் பட்டியல்

கார்டுகளைச் செருகி வைக்கும் பிளாஸ்டிக் பைண்டர் தாள் ஒன்றில் ஒன்பது பைகள் இருக்கும். அதனால் ஒன்பதோடு தொடங்குவது வசதி. புத்தகத்தை முடித்ததும், குறித்துவைத்த பக்கங்களிலிருந்து ஒன்பது பெயர்களை எழுதுங்கள். இந்தப் புத்தகத்துக்கு ஸ்டைனர், மேக்னஸன், மிக் மூவரும் கட்டாயம். டாப்ஸ் நிறுவனம் வெளியிடும் பளபளப்பான ‘குரோம்’ கார்டுத் தொகுப்புகளில் (செட்டுகளில்) ஓட்டுநர்களோடு அணித் தலைவர்களுக்கும் கார்டு உண்டு என்பதால் ஸ்டைனரையும் தேட முடியும். மீதி ஆறு பேர் உங்கள் விருப்பம். அப்புறம் செட்டின் செக்லிஸ்ட்டை (அதிலுள்ள எல்லாக் கார்டுகளின் பட்டியலை) இணையத்தில் எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் நேரே கார்டு எண்ணை எழுதுங்கள்.

படி 4: கார்டு மொழியைக் கொஞ்சம் பழகுங்கள்

செட்டின் சாதாரணக் கார்டு ‘பேஸ்’. அதே படம் வேறு நிறத்திலோ பளபளப்பிலோ வந்தால் ‘பேரலல்’. ஒளியில் வானவில் போல மின்னுவதை ‘ரிஃப்ராக்டர்’ என்பார்கள். 25/99 என்று அச்சிட்டிருந்தால், மொத்தம் 99 அச்சிட்டதில் இது இருபத்தைந்தாவது. கையெழுத்திட்டது ‘ஆட்டோ’.

ஒருவரின் அறிமுகக் காலக் கார்டைக் குறிக்கும் ‘ரூக்கி’ என்ற சொல்லில் மட்டும் கவனம் வேண்டும். 2020 டாப்ஸ் குரோம் செட்டில், ஃபார்முலா 1-க்குக் கீழ்நிலைப் பந்தயங்களான ஃபார்முலா 2, ஃபார்முலா 3 ஓட்டுநர்களும் இருக்கிறார்கள். ஆஸ்கர் பியாஸ்ட்ரியின் கார்டு அதில் உண்டு, ஆனால் அது அவர் ஃபார்முலா 3-ல் ஓட்டியபோது வந்தது. ஃபார்முலா 1-க்கு அவர் வந்தது 2023-ல். விற்கிறவர் இரண்டையுமே ரூக்கி என்று சொல்லலாம். எது உங்களுக்கு வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்துவிடுங்கள்.

படி 5: பாக்கெட் வேண்டாம், ஒற்றைக் கார்டாக வாங்குங்கள்

பட்டியல் கையில் இருக்கும்போது பாக்கெட் பிரிப்பது பணத்துக்குக் கேடு. பேஸ் கார்டுகளை ஒற்றையாகவே வாங்கலாம். விலை பார்க்கும்போது ஈபே விற்பனைத் தளத்தில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். ‘விற்று முடிந்தவை’ என்ற வடிகட்டியைப் போட்டு, உண்மையில் என்ன விலைக்குக் கைமாறியது என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவு, சுங்க வரி இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஒன்பதையும் ஒரே விற்பனையாளரிடம் சேர்த்து வாங்கினால் தபால் செலவு ஒருமுறைதான்.

விற்பனையாளர் போட்டிருக்கும் படத்தில் கார்டின் நான்கு மூலைகள், ஓரங்கள், மேற்பரப்பு, நடுவில் சரியாக அச்சாகியிருக்கிறதா என்பதைப் பாருங்கள். முன்பக்கப் படம் மட்டும் இருந்தால் பின்பக்கத்தையும் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள்.

படி 6: காற்றின் ஈரத்திலிருந்து காப்பாற்றுங்கள்

கார்டின் வழக்கமான அளவு 2.5 × 3.5 அங்குலம். கையில் வந்ததும் மெல்லிய ஸ்லீவில் (பிளாஸ்டிக் உறையில்) போடுங்கள். பைண்டர் தாள் பி.வி.சி. இல்லாததாக, பாலிப்ரொப்பிலீனில் செய்ததாக இருக்க வேண்டும், பி.வி.சி.யில் இருக்கும் வேதிப்பொருள் நாளடைவில் கசிந்து கார்டின் பரப்பைக் கெடுக்கும். விலை கூடிய கார்டு இருந்தால் ஸ்லீவோடு சேர்த்து டாப்லோடர் என்ற விறைப்பான பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். சாதாரணக் கார்டின் தடிமனுக்கு 35 பாயிண்ட் அளவு சரி.

குரோம் கார்டின் ஒரு பக்கம் பளபளப்புப் படலம், அடியில் அட்டை. அட்டை ஈரத்தை உறிஞ்சும், படலம் உறிஞ்சாது. அதனால்தான் கார்டு வளைகிறது. சென்னை, தூத்துக்குடி, கொழும்பு மாதிரிக் கடலோர ஊர்களில் இருப்பவர்கள் மூடி இறுகும் டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, அதற்குள் பைண்டரை வையுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டவே வேண்டாம்.

பி.எஸ்.ஏ. போன்ற நிறுவனங்களுக்கு அனுப்பி 1 முதல் 10 வரை மதிப்பெண் வாங்கும் தரச்சான்று முறை இருக்கிறது. ஒன்பது பேஸ் கார்டுகளுக்கு அது தேவையே இல்லை.

படி 7: கார்டுக்குப் பக்கத்தில் சீட்டு

இரண்டு பைண்டர் தாள்களை எதிரெதிரே வையுங்கள். இடப்பக்கத்தில் கார்டுகள். வலப்பக்கத்தில் அதே இடத்தில், கார்டு அளவுக்கே வெட்டிய வெள்ளைத் தாள். அதில் புத்தகத்தின் பக்க எண், பந்தயத்தின் பெயர், தேதி, நடந்தது என்ன என்று இரண்டு வரி. பென்சிலால் எழுதுங்கள், மை வேண்டாம். மேக்னஸனுக்கு எதிரே சாவோ பாலோ, 11 நவம்பர் 2022 என்று எழுதி வைத்தால், பைண்டரைப் புரட்டுகிற யாருக்கும் அந்தக் கார்டு ஏன் அங்கே இருக்கிறது என்று புரியும்.

அடுத்த புத்தகம்

முதல் தாள் நிரம்பிய பிறகு ஏட்ரியன் நியூவி 2017-ல் வெளியிட்ட ‘ஹவ் டு பில்ட் எ கார்’ பக்கம் போங்கள். தான் வடிவமைத்த கார்களை வைத்தே வாழ்க்கையைச் சொல்லும் நூல் அது. ஓட்டுநர் அயர்டன் செனா உயிரிழந்த 1994 இமோலா பந்தயத்தைப் பற்றிய பகுதியை நிதானமாகப் படிக்க நேரம் ஒதுக்குங்கள். கார்டுக்கு 1992-ஐ எடுத்துக்கொள்ளலாம்; நியூவியின் வில்லியம்ஸ் காரில் நைஜல் மான்செல் ஒன்பது பந்தயங்கள் வென்று சாம்பியனான ஆண்டு. அந்த ஆண்டுக்கு ‘கிரிட்’ என்ற பெயரில் ஒரு ஃபார்முலா 1 செட்டே இருக்கிறது. பிரிக்காத பழைய பெட்டி கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். பளபளப்புப் பூச்சுள்ள பழைய கார்டுகள் ஆண்டுக்கணக்கில் அடுக்கியபடியே கிடந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது படம் உரிந்துவரும். இங்கேயும் இருபக்கப் படம் பார்த்து, ஒற்றையாகவே வாங்குங்கள்.