குளிர்நாட்டு வளவில் பனை: முதலில் குருத்தைப் பார்

போன ஜனவரியில் ஒரு நாள், யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் வீட்டு விறாந்தையில் மத்தியானச் சாப்பாடு முடிந்து சாய்ந்திருந்தபோது மருமகனிடமிருந்து ஒரு படம் வந்தது. லண்டன் ஹரோவில் அவன் வீட்டுப் பின்வளவில் நிற்கிற பனை, எங்கள் ஊர்ப் பனையல்ல, குளிர்நாட்டில் வைக்கிற இனம். ஓலையெல்லாம் வெந்த கீரை நிறத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"மாமா, பனி கொட்டி ஓலை கருகிப் போச்சு. எல்லாத்தையும் வெட்டி விடட்டோ?"

"கத்தியை வை. குருத்தைப் பிடிச்சு மெல்ல இழுத்துப் பார். வருதோ?"

வரவில்லை. இறுக்கமாக நின்றது. அப்படியென்றால் பயப்பட வேண்டாம், மிச்சத்தை ஆறுதலாகக் கதைக்கலாம் என்றேன். அன்று அவனுக்குத் தொலைபேசியில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் 25 வருடம் ஹரோவில் இருந்துவிட்டு 2019இல் ஊருக்கு வந்தவன். அங்கே மூன்று பனை வைத்து ஒன்றைச் சாகக் கொடுத்த அனுபவம் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் மார்கழிப் பனி என்றால் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு திருவெம்பாவைக்குப் போகிற அளவுதான். 20 பாகைக்குக் கிட்ட இறங்கினாலே ஊர் நடுங்கும். ஆனாலும் பனைக்கு உயிர் எங்கே இருக்கிறது என்பதை எங்கள் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. போர்க்காலத்தில் செல் (எறிகணை) விழுந்து வட்டு, அதாவது ஓலைகள் கூடுகிற தலை, அறுந்த பனைகளை முகமாலை, பளைப் பக்கம் எத்தனை பார்த்திருக்கிறோம்! தூண் மாதிரி நிற்கும், திரும்பத் தளிர்க்காது. வேம்பில் கொப்பு முறிந்தால் பக்கத்தால் வெடிக்கும். ஒற்றையாய் வளர்கிற பனைக்கு வளரும் இடம் ஒன்றே ஒன்று, வட்டின் நடுவில். அது செத்தால் மரம் செத்தது. குளிர்நாட்டுப் பனைக்கும் இதே கணக்குத்தான். ஓலை முழுக்கக் கருகினாலும் வட்டுக்குள் உயிர் இருந்தால் கோடையில் புது ஓலை வரும். ஓலை பச்சையாக இருந்து உள்ளே குருத்து அழுகினால், நாங்கள் பார்த்துக்கொண்டு இருக்கவே மரம் போய்விடும்.

என்னுடையது அப்படித்தான் போனது. 2010 டிசெம்பர். பிரித்தானியாவில் 1910இலிருந்து வைத்த பதிவுகளில் அதைவிடக் குளிரான டிசெம்பர் கிடையாது. அதற்கு முந்திய வைகாசியில் ஒரு கானரித்தீவு ஈச்சை வாங்கி வைத்திருந்தேன். விற்றவர் "எந்தக் குளிரையும் தாங்கும்" என்றார். நானும் நம்பினேன். பனி வரப்போகிறது என்றதும் அதற்குப் பொலித்தீன் உறை ஒன்றைத் தலையோடு மூடி, கழுத்தில் கயிறு கட்டி, இனி என்ன கவலை என்று விட்டுவிட்டேன். பகலில் வெயில் பட்டு உள்ளே வியர்த்தது. அந்த நீர் வட்டுக்குள் இறங்கி இரவில் உறைந்தது. வளவு வெப்பமானி ஓரிரவு மைனஸ் 8 காட்டியது.

பெப்ரவரியில் உறையைக் கழற்றினால் ஓலை பார்வைக்குப் பரவாயில்லை. சந்தோஷத்தில் நடுக்குருத்தைத் தொட்டேன். வெண்ணெயில் செருகிய கத்தி மாதிரி வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. அடிமுனை மண்ணிறக் களி. புளித்துப்போன பனங்காய் நாற்றம். ஏப்ரலுக்குள் ஓலைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன.

ஆகவே முதற் சட்டம்: வட்டுக்குள் தண்ணீர் நிற்க விடாதே. உலர்ந்த குளிரைத் தாங்குகிற மரம், அதே அளவு ஈரக்குளிரில் செத்துப்போகும். நீர் உறையும்போது இளந்திசு நொறுங்கும். பிறகு வெயில் வந்து இளகும்போது பூஞ்சணமும் பக்டீரியாவும் அந்தக் காயத்தில் குடியேறும். குளிர் தொடங்கி வைக்கிறது, அழுகல் முடித்து வைக்கிறது.

எந்த மரத்தை வாங்குவது என்பதில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். பிரித்தானியா, வட பிரான்ஸ், நெதர்லாந்துப் பக்கம் என்றால் யோசிக்காமல் ட்ரகிகார்பஸ் ஃபோர்ச்சுனி வாங்குங்கள். சீனத்து விசிறிப்பனை. உடம்பைச் சுற்றித் தென்னந்தும்பு கட்டியது போல இருக்கும், அதுதான் அடையாளம். வேர் நன்றாக ஊன்றியபின் மைனஸ் 15 அளவுக்கும் தாங்கும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ரொபர்ட் ஃபோர்ச்சூன் சீனாவிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்த மரம் இது, பெயரும் அவருடையதுதான். மத்தியதரைக் கடலோரக் குட்டைப்பனை கமேரோப்ஸ் மைனஸ் 10 வரை சமாளிக்கும். பக்கக்கன்று விடுவதால் ஒரு குருத்துப் போனாலும் இன்னொன்று மிஞ்சும். கானரித்தீவு ஈச்சைக்கும் வாஷிங்டோனியாவுக்கும் அந்த அளவு தாங்கும் சக்தி இல்லை. கோர்டிலைனைக் கடைகளில் பனை என்று விற்பார்கள். அது பனையே இல்லை.

சுவிஸில் இருக்கிற சொந்தக்காரருக்கு ஒரு சொல். தெற்கில் டிசினோப் பக்கக் காடுகளில் ட்ரகிகார்பஸ் தானாக முளைத்துப் பரவிவிட்டதால், 2024 செப்டெம்பர் 1இலிருந்து சுவிஸ் முழுக்க அதை விற்பதற்குத் தடை. ரொறன்ரோக்காரருக்கு: மைனஸ் 20க்குப் போகிற இரவுகள் உள்ள ஊரில் நிலத்தில் நட்டு மல்லுக்கட்ட வேண்டாம். சாடியில் வைத்து, குளிர்காலத்தில் சூடு குறைந்த, வெளிச்சமுள்ள அறைக்குள் எடுங்கள்.

நடுவது மே மாதம். அப்போதுதான் கோடை முழுக்க வேர் ஓட நேரம் கிடைக்கும். ஒக்டோபரில் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி நட்டால் முதற் குளிரிலேயே பலி. தெற்குப் பார்த்த செங்கல் சுவரோரம் நல்லது. பகலில் வாங்கிய சூட்டைச் சுவர் இரவில் விடும். வளவின் பள்ளமான மூலை வேண்டாம். முகிலும் காற்றும் இல்லாத இரவில் நிலத்துச் சூடு வானத்துக்கு ஏறிப்போக, பாரமான குளிர்காற்று தண்ணீரைப் போல் பள்ளத்துக்கு ஓடி வந்து தேங்கும். என் இரண்டாவது பனைக்கும் மூன்றாவது பனைக்கும் இடையில் 12 அடிதான். பள்ளத்தில் நின்றதற்கு ஒவ்வொரு வருடமும் ஓலை நுனி கருகியது, சுவரோரம் நின்றதற்கு ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் நடுவுக்குப் பிறகு தழைச்சத்து உரம் போடாதீர்கள். இளசாய் வருகிற ஓலைதான் முதலில் வேகும்.

இனிக் கட்டுகிற முறை. எல்லாக் குளிருக்கும் கட்டத் தேவையில்லை. ட்ரகிகார்பஸ் நிலத்தில் ஊன்றி மூன்று நான்கு வருடம் ஆகியிருந்தால் மைனஸ் 5க்கெல்லாம் நான் திரும்பியும் பார்ப்பதில்லை. இளங்கன்று என்றாலோ, மைனஸ் 8, 10 என்று பல இரவு தொடர்ந்து வரும் என்று வானிலையில் சொன்னாலோ கட்டவேண்டும். மழை இல்லாத, ஓலை காய்ந்திருக்கிற நாளாகப் பாருங்கள். வட்டுக்குள் இருக்கிற சருகையும் குப்பையையும் விரலால் தோண்டி எடுங்கள். உலர்ந்த வைக்கோலைக் குருத்தைச் சுற்றி மெதுவாகச் செருகுங்கள், இடித்து அடைக்க வேண்டாம். பிறகு ஓலைகளை ஒவ்வொன்றாக மேலே தூக்கி, குடையை மடிக்கிறது போலச் சேர்த்து, மெல்லிய கயிற்றால் தளர்வாகக் கட்டுங்கள். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கட்டிப்பிடிக்க ஒருவர் கயிறு சுற்றவேண்டும். தனியே செய்யப்போய்க் கமேரோப்ஸ் முள்ளில் கையைக் கிழித்துக்கொண்டேன்.

அதற்கு மேலே ஃப்ளீஸ் என்று தோட்டக்கடையில் விற்கிற வெள்ளைத் துணியை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுங்கள். அதற்குள்ளால் காற்றுப் போகும். உச்சியில் மட்டும் மழை இறங்காதபடி ஏதாவது தொப்பி. என்னிடம் கவிழ்த்த பிளாஸ்ரிக் வாளி இருந்தது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரித்தார். சிரிக்கட்டும். 2018 மார்ச் தொடக்கத்தில் கிழக்கிலிருந்து வந்த அந்தக் கடும் பனிக்காற்றை அந்த வாளியோடுதான் தாண்டினோம்.

மிகவும் மோசமான இரவுகளுக்கு ஃப்ளீஸுக்கு உள்ளே நத்தார் விளக்குச் சரம் ஒன்றைச் சுற்றலாம். வெளியில் போடக்கூடிய சரமாக இருக்கவேண்டும், வைக்கோலில் முட்டக்கூடாது. பழைய இழை மின்குமிழ்ச் சரம்தான் சூடு தரும். எல்.ஈ.டி. அழகுக்கு மட்டும். வேரடியில் மரச்சீவலோ சருகோ ஒரு சாண் உயரத்துக்குப் பரப்புங்கள், தண்டில் ஒட்டாமல்.

குளிர் தணிந்த நாட்களில் துணியை அவிழ்த்துக் காற்றாட விடவேண்டும். நவம்பரில் கட்டி ஏப்ரலில் அவிழ்க்கிறவர் பலர். அது வட்டை அவியப்போடுகிற வேலை.

சாடியில் நிற்கிற பனை தனிக் கதை. நிலத்து வேரை மண் காக்கும். சாடி வேருக்கு நாலு பக்கமும் குளிர். ஓலை தாங்குகிற குளிரை வேர் தாங்காது. சாடியைச் செங்கல்லில் தூக்கி வைத்து, சுற்றிச் சாக்கோ பபிள் ராப்போ கட்டி, வீட்டுச் சுவரோடு ஒட்டி வையுங்கள்.

சரி, எல்லாம் செய்தும் அடிபட்டுவிட்டது என்றால்? பச்சை மிச்சம் இருக்கிற ஓலையை வெட்டவே வேண்டாம். அரைப் பச்சை ஓலையும் வட்டுக்குப் போர்வைதான், சாப்பாடும் அதிலிருந்துதான். கடைசிப் பனி போனபின், மே மாதம் வெட்டலாம். குருத்தை இரண்டு கிழமைக்கு ஒருதரம் மெல்ல இழுத்துப் பாருங்கள். சேதம் பல கிழமை கழித்தும் வெளியில் தெரியும். கையோடு வந்துவிட்டால், களியான பகுதியை வழித்து எடுத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் 3 வீத ஐதரசன் பேரொட்சைட்டை அந்தக் குழிக்குள் ஊற்றுங்கள். பதநீர் பொங்குவது போல நுரைக்கும். நாலைந்து நாள் விட்டு இன்னொருதரம். முந்திரிகைத் (திராட்சை) தோட்டக்காரர் அடிக்கிற மாதிரியான செப்பு மருந்து உங்கள் நாட்டில் வாங்க முடிந்தால் அதையும் சொன்ன அளவில் விடுங்கள். பிறகு மழை படாமல் மூடிவிட்டுக் காத்திருக்கவேண்டும். என் பள்ளத்துப் பனைக்கு ஒரு வருடம் இப்படிச் செய்து, ஜூன் கடைசியில்தான் ஒரு கட்டை ஓலை வந்தது. நுனி வெட்டுண்டு, சுருங்கி, பார்க்கவே பாவமாக இருந்தது. அதற்கடுத்த ஓலை ஒழுங்காக விரிந்தது.

மருமகனின் பனைக்கும் மே மாதம் புது ஓலை வந்துவிட்டது. இப்போது ஆசை கூடிவிட்டது. நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது இரண்டு பனங்கொட்டை கொண்டுபோய் ஹரோவில் நடலாமோ என்று கேட்கிறான். எங்கள் பனைக்கு அந்த ஊர்க் குளிர் ஆகாது என்றேன். வீட்டுக்குள் சாடியில் முளைக்குமோ என்றான். சூடு இருந்தால் முளைக்கும், ஆனால் முதலில் கிழங்காகக் கீழேதான் இறங்கும், சாடியின் அடியில் முட்டி நிற்கும். நிற்கிற நேரம் பார்த்துக் கிண்டி எடுத்து, உப்பும் மஞ்சளும் போட்டு அவித்து, மிளகு உள்ளியோடு இடித்துச் சாப்பிடு என்றேன்.