பெர்மலாய் படலத்தில் கெர் அளவீடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெருகேற்றிய காந்தமுனையில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வுத்தளம் சற்றே சுழல்வதை ஜான் கெர் 1877-இல் வெளியிட்டார். நிக்கல்–இரும்புக் கலவையான பெர்மலாயின் மென்படலங்களை ஆராய இன்றும் அந்த விளைவே கைகொடுக்கிறது. ஆனால் திரையில் விரியும் தயக்கக் கண்ணி (காந்தப்புலத்தை ஏற்றி இறக்கும்போது சைகை வரையும் மூடிய வளைவு) படலத்தின் காந்தமாக்கம் அல்ல. ஒளியுணரி தந்த மின்னழுத்தம். இதை மறந்தால் தவறுகள் வரிசைகட்டும்.

ஒளியை ஒரே தளத்தில் அதிரவைக்கும் தளவிளைவாக்கிக்கு, திரும்பும் ஒளியைச் சோதிக்கும் இரண்டாவது வடிகட்டியான ஆய்வியை மிகச் சரியாகக் குறுக்கே நிறுத்துவது துல்லியம் போலத் தோன்றும். அப்படி நிறுத்தினால் கண்ணியே மறைந்துவிடும். சுழற்சி 0.02 பாகை என்று கொள்வோம். ஆய்வி சரியாகக் குறுக்கே நின்றால் வலச்சுழற்சிக்கும் இடச்சுழற்சிக்கும் ஒரே அளவு ஒளிதான் கசியும். 1 பாகை விலக்கி வைத்தால் ஒளி சுமார் 4 சதவீதம் கூடும், குறையும். 20 பாகை விலக்கினால் மாற்றம் 0.2 சதவீதமாகச் சுருங்கி லேசரின் தள்ளாட்டத்தில் கரைந்துபோகும்.

எனக்கு மிகவும் கவலை தருவது, தரவிலிருந்து நேர்கோட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கழிக்கும் வழக்கம். புலத்துக்குள் இருக்கும் வில்லையின் கண்ணாடியில் ஃபாரடே சுழற்சி (காந்தப்புலத்தில் கண்ணாடி வழியே செல்லும் ஒளியின் அதிர்வுத்தளம் சுழல்வது) நிகழ்ந்து, புலத்தோடு நேர்கோடாகக் கூடும் சாய்வு உண்டாவது உண்மைதான். ஆனால் பெர்மலாய் படலத்தின் காந்தமாக்கம் தளத்துக்குள்ளேயே படுத்திருக்க விரும்பும். அதைச் செங்குத்தாக முழுமையாக நிமிர்த்த ஏறத்தாழ 1 டெஸ்லா தேவை. 0.3 டெஸ்லா வரை மட்டும் அளந்தால் உண்மையான சைகையே நேர்கோடாகத்தான் வரும். அதைக் கழித்துவிட்டு ‘சைகை இல்லை’ என்று எழுதினால், படலத்தையே அழித்துவிட்டதாகும். படலத்தை எடுத்துவிட்டு, அதே இடத்தில் அலுமினிய ஆடி ஒன்றை வைத்து அளந்து பாருங்கள். அதில் வரும் சாய்வை மட்டும் கழியுங்கள்.

100 நானோமீட்டர் படலத்தை அளந்துவிட்டு அடிப்பகுதியைப் பற்றியும் பேசுகிறவர்கள் உண்டு. உலோகத்துக்குள் சிவப்பு ஒளி சில பத்து நானோமீட்டர் ஆழத்திலேயே மங்கிவிடுகிறது. தெரிவது மேற்பகுதி மட்டுமே. மேலே பூசிய காப்புப் படலமும் குறுக்கீட்டு விளைவால் சுழற்சியைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆகவே இரண்டு மாதிரிகளின் கண்ணி உயரத்தை மட்டும் ஒப்பிட்டு எதன் காந்தமாக்கம் அதிகம் என்று தீர்ப்பளிக்க முடியாது.

கிடையச்சில் மின்காந்தத்தின் மின்னோட்டத்தைக் குறிப்பதும் ஆபத்து. நல்ல பெர்மலாயின் காந்தநீக்குப் புலம் (காந்தமாக்கத்தைச் சுழிக்குக் கொண்டுவரத் தேவையான எதிர்ப்புலம்) 1 மில்லிடெஸ்லாவுக்கும் குறைவாக இருக்கக்கூடும். மின்காந்தத்தின் இரும்பு உள்ளகத்தில் எஞ்சும் புலமே அதை மிஞ்சிவிடலாம். மாதிரியின் பக்கத்தில் ஹால் உணரியை வைத்து, புலத்தை நேரடியாகவே அளக்க வேண்டும்.