நாயின் கண்ணுக்கு அழற்சிச் சொட்டுமருந்து விடுவது எப்படி? முதன்முறை செய்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

வீட்டில் பெரியவர் யாருக்காவது கண்புரை அறுவை நடந்திருந்தால், பாதி தீர்ந்த சொட்டுமருந்துக் குப்பி ஒன்று ஃபிரிட்ஜ் கதவில் இன்னும் கிடக்க வாய்ப்பு மிகுதி. வளர்ப்பு நாயின் கண் சிவந்து நீர் வடியத் தொடங்கியதும் பலருடைய கை முதலில் அந்தக் குப்பியைத்தான் தேடுகிறது. அதில் இருப்பது பெரும்பாலும் பிரெட்னிசோலோன் அல்லது டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு. கால்நடை மருத்துவர்களும் அதே மருந்துகளை எழுதித் தருவதால், 'எப்படியும் இதைத்தானே தரப்போகிறார்' என்ற எண்ணம் எழுவது இயல்புதான். ஆனால் கருவிழியில் சிறு கீறலோ புண்ணோ இருக்கும் நிலையில் ஸ்டீராய்டை விட்டால், புண் ஆறுவது தடைபட்டு, கிருமித் தொற்று வலுத்து, கருவிழியே துளைபடும் அளவுக்குப் போகலாம். பூனை நகம் பட்டதாலும், முள் குத்தியதாலும், உள் அழற்சியாலும் சிவந்த கண்கள் வெளிப்பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்.

ஆகவே இங்கே வரும் படிகள் எல்லாம், மருத்துவர் கண்ணைப் பரிசோதித்து, இன்ன மருந்து, இன்ன கண்ணுக்கு, நாளொன்றுக்கு இத்தனை வேளை என்று எழுதித் தந்த பிறகு வீட்டில் செய்ய வேண்டியவை. எங்கள் வீட்டு நாட்டு நாயான செவலைக்கு உண்ணிக் காய்ச்சலைத் தொடர்ந்து இடக்கண்ணில் யுவியைட்டிஸ் என்னும் உட்புற அழற்சி வந்தது. உண்ணிக்கடியால் பரவும் எர்லிக்கியா கிருமி இரத்தத்தோடு நில்லாமல் கண்ணையும் தாக்கக்கூடியது. அப்போது எழுதித் தரப்பட்டவை ஒரு சதவீத பிரெட்னிசோலோன் அசிட்டேட்டும், கண்பாவையை விரித்து வலியைத் தணிக்கும் அட்ரோபினும். அந்த இரண்டையும் விட்டுப் பழகியதில் தேறியவற்றைத்தான் எழுதுகிறேன்.

மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்

ஃபுளோரசின் சோதனை செய்தாகிவிட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆரஞ்சு நிறச் சாயம் தோய்ந்த காகிதப் பட்டையை ஈரப்படுத்திக் கண்ணில் தொட்டு, நீல ஒளியில் பார்ப்பார்கள். கருவிழியின் மேற்படலம் உரிந்த இடம் இருந்தால் அங்கே மட்டும் பளிச்சென்று பச்சை நிறம் தெரியும். பச்சை தெரிந்த கண்ணுக்கு ஸ்டீராய்டு சொட்டு ஆகாது. கீட்டோரோலாக், ஃபுளர்பிப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற ஸ்டீராய்டு அல்லாத சொட்டுகளை விடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. ஸ்டீராய்டு இல்லை என்பதாலேயே அவை தீங்கற்றவை ஆகிவிடா. அவையும் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும், சில நாய்களுக்குக் கண் அழுத்தத்தையும் கூட்டக்கூடும். கண் அழுத்தம் அளக்கும் கருவி எல்லா மருத்துவமனைகளிலும் இருப்பதில்லை என்பதால், சென்னைக்காரர்கள் வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது என்பது என் கருத்து. சர்க்கரை நோய் உள்ள நாய் என்றால் அதையும் மறவாமல் சொல்லிவிடுங்கள். கண்ணில் விடும் ஸ்டீராய்டும் ஓரளவு உடலுக்குள் சேரும்.

குப்பியைத் திறப்பதும் குலுக்குவதும்

மருந்துக் கடைகளில் கிடைக்கும் 5 மி.லி. சொட்டுக் குப்பிகள் பலவற்றின் முனை அடைத்தே வரும். மூடிக்குள் ஒரு பிளாஸ்டிக் முள் இருக்கும். மூடியை வலப்புறமாக இறுகும்வரை திருகினால் அந்த முள்ளே முனையில் சரியான அளவுக்குத் துளையிட்டுவிடும். இதை அறியாமல் ஊக்கை எடுத்துக் குத்துபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். துளை பெரிதாகிவிட்டால் ஒரு துளிக்கு அழுத்தும்போது நாலைந்து துளிகள் சேர்ந்து கொட்டும். குத்திய ஊக்கில் இருந்த அழுக்கும் மருந்துக்குள் போய்விடும். ஸ்டீராய்டு, கண்ணின் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பது. அதில் கிருமியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். திறந்த தேதியைக் குப்பியின் மேல் மார்க்கரால் எழுதிவிடுங்கள். லேபிளில் வேறு ஏதும் சொல்லப்படாவிட்டால், திறந்து 28 நாள் ஆனதும் மிச்சம் எவ்வளவு இருந்தாலும் எறிந்துவிட வேண்டும்.

பிரெட்னிசோலோன் அசிட்டேட் முழுதாகக் கரைந்த மருந்தன்று. நீரில் மிதக்கும் நுண்துகள்களே மருந்து. வெண்ணிறக் குப்பிக்குள் அவை அடியில் படிந்திருப்பது வெளியே தெரியாது. குலுக்காமல் விட்டால் முதல் வாரம் முழுவதும் ஏறக்குறைய வெறும் நீரையும், கடைசி வாரத்தில் அளவுக்கு மீறிய மருந்தையும் விட்டுக்கொண்டிருப்போம். ஒவ்வொரு வேளையும் நன்றாகக் குலுக்கிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். தெளிந்த நீராக இருக்கும் சொட்டுகளுக்கு இது தேவையில்லை. ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்ன மருந்து என்றால் உள்ளங்கைக்குள் சிறிது நேரம் பொத்தி வைத்திருந்து, குளிர்ச்சி தணிந்த பின் விடுங்கள்.

கண்ணைத் துடைப்பது

பீளை கட்டியிருந்தால் மருந்து உள்ளே இறங்காது. கொதித்து ஆறிய நீரில் நனைத்த காஸ் துணியால் மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பில் துடையுங்கள். பஞ்சு இழை பிரிந்து கண்ணில் ஒட்டும் என்பதால் காஸ் துணியே மேல். நந்தியாவட்டைப் பூ, தாய்ப்பால், இளநீர் ஆகியவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். அழற்சி உள்ள கண்ணில் சுத்திகரிக்கப்படாத எதையும் விடக்கூடாது.

நாயைப் பிடிக்கும் முறை

நிதானமாகப் பார்க்க வேண்டிய படி இதுதான். படங்களில் பார்ப்பதுபோல் நாய்க்கு எதிரே உட்கார்ந்து, குப்பியை அதன் முகத்துக்கு நேராகக் கொண்டுபோகும் முறை செவலையிடம் பலிக்கவே இல்லை. முகத்தை நோக்கி ஒரு கை வருவதைக் கண்டால் எந்த நாயும் பின்வாங்கும். பின்வாங்க இடமிருந்தால் பின்வாங்கிக்கொண்டே போகும். மேலும் இழுத்துப் பிடித்தால் அடுத்த வேளைக்குக் குப்பியின் சத்தம் கேட்டதுமே கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

பலித்தது இப்படி: தரையில் மண்டியிட்டு, நாயை உங்கள் முழங்கால்களுக்கு இடையே, அதன் பின்பக்கம் உங்கள் வயிற்றை ஒட்டியிருக்கும்படி உட்காரவையுங்கள். நாயும் நீங்களும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். பின்னால் போக இடமில்லை; முன்னால் யாரும் இல்லாததால் அச்சமும் இல்லை. இந்த அமர்வில் இன்னொரு வசதியும் உண்டு. மருத்துவர் 'இடக்கண்' என்று எழுதுவது நாயின் இடக்கண்ணை. எதிரே உட்கார்ந்தால் அது உங்கள் வலப்பக்கம் வந்து குழப்பும். பின்னால் உட்கார்ந்தால் அதன் இடம் உங்களுக்கும் இடமே.

இடக்கையை நாயின் தாடைக்கடியில் கொடுத்து, மூக்கு விட்டத்தைப் பார்க்கும்படி மெல்ல உயர்த்துங்கள். அதே கையின் பெருவிரலால் கீழ் இமையைச் சற்றே தாழ்த்துங்கள். குப்பியை வலக்கையின் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே பிடித்து, தலையின் பின்புறமிருந்து, அதன் பார்வையில் படாமல் கொண்டுவாருங்கள். பிறகு வலக்கையின் அடிப்பகுதியை நாயின் புருவ எலும்பின் மேல் அழுந்த வைத்துக்கொள்ளுங்கள். மேலிமையும் அப்போது தானாக ஏறிக்கொள்ளும். கை அந்தரத்தில் இருந்தால், நாய் திடீரென்று தலையை உதறும்போது குப்பியின் முனை கருவிழியில் குத்திவிடும். கை மண்டையோடு ஒட்டியிருந்தால், ஓடும் பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்பவர் பேருந்தோடு சேர்ந்தே குலுங்குவதுபோல், தலை போகும் பக்கமெல்லாம் கையும் போகும்; முனைக்கும் கண்ணுக்கும் உள்ள இடைவெளி மாறாது. இந்த ஒன்று கைவந்துவிட்டால் மற்றவை எளிது.

மருந்து விடத் தொடங்கும் முன், மூடி போட்ட குப்பியோடு இதே அமர்வை ஓரிரு நாள் பழக்கிக்கொள்ள அவகாசம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், ஒவ்வொரு முறையும் முடிந்த கையோடு வேகவைத்த ஈரல் துண்டு ஒன்றைக் கொடுங்கள். முன்கூட்டிக் கொடுத்தால் தின்றுவிட்டு எழுந்து போய்விடும்.

துளி விடுவது

முனை கண்ணிலிருந்து ஓரிரு சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். துளி வெள்ளை விழியில் விழுந்தாலும் கருவிழியில் விழுந்தாலும் ஒன்றுதான். இமைக்கும்போது தானே பரவிவிடும். ஒரு துளி போதும். கண்ணின் பரப்பு ஒரு முழுத் துளியைக்கூடத் தாங்காது. இரண்டாவது துளி கன்னத்து மயிரில் வழிவதற்கு மட்டுமே பயன்படும். விட்டபின் இமையைத் தேய்க்காமல், தலையைச் சில நொடி உயர்த்தியே வைத்திருங்கள். சிறிய நாய் என்றால், மூக்கோரக் கண்முனையை விரல் நுனியால் ஒரு நிமிடம் மெல்ல அழுத்திப் பிடிப்பது, மருந்து மூக்கு வழியாக உடலுக்குள் இறங்குவதைக் குறைக்கும்.

செல்போன் டார்ச்சை முகத்தில் அடிக்காதீர்கள். உள் அழற்சி உள்ள கண்ணுக்கு வெளிச்சமே வலி. ஜன்னலோரப் பகல் வெளிச்சம் தாராளமாகப் போதும். துளி விட உதவும் என்று விற்கப்படும் பிளாஸ்டிக் தாங்கிகள் மனிதக் கண்குழிக்கு அளவெடுத்தவை. நாய்க்கு அவற்றால் பயனில்லை என்பது என் முடிவு. காசு செலவழிப்பதானால் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் ஆன நல்ல கூம்புக் காலர் ஒன்று வாங்குங்கள். கண்ணைத் தேய்க்க முனையும் நாய்க்கு அது கட்டாயம் வேண்டும். பரிதாபப்பட்டு இரவில் கழற்றிவிடாதீர்கள்.

இரண்டாவது மருந்து இருந்தால்

இரண்டு சொட்டுகளுக்கு இடையே குறைந்தது ஐந்து நிமிடம் விட வேண்டும். இல்லாவிட்டால் பின்னது முன்னதைக் கழுவிக்கொண்டு போய்விடும். தெளிந்த சொட்டு முதலில், கலங்கலான சொட்டு அடுத்து, களிம்பு இருந்தால் எல்லாவற்றுக்கும் கடைசியில். செவலைக்கு அட்ரோபின் முன்னும் பிரெட்னிசோலோன் பின்னும் வந்தது இந்தக் கணக்கில்தான். மருந்து விடுவதற்கு முன்னும் கை கழுவ வேண்டும், பின்னும் கழுவ வேண்டும். அட்ரோபின் பட்ட விரலால் உங்கள் கண்ணைத் தொட்டால் உங்கள் கண்பாவையும் விரிந்து, பல மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும். பாவை விரிந்த நாய்க்கு உச்சிவெயில் ஆகாது என்பதால், நடை கூட்டிப்போவதை மாலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நாளுக்கு நான்கு வேளை, இரண்டு மருந்து என்னும்போது யார் எதை விட்டார்கள் என்பது வீட்டில் ஒருவருக்கும் நினைவிருக்காது. தினசரி நாள்காட்டியின் அன்றைய தாளிலேயே மருந்தின் முதலெழுத்தையும் நேரத்தையும் எழுதிவிடுவது, எந்தச் செயலியையும்விட எங்களுக்குக் கைகொடுத்தது. ஒரு வேளை தவறினால் நினைவு வந்ததும் விடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் தவறியதை விட்டுவிடுங்கள், இரட்டிப்பாக்க வேண்டாம்.

நிறுத்துவது

சிவப்பு மறைந்ததும் ஸ்டீராய்டை நிறுத்திவிடக் கூடாது. வெளியே தெளிந்துவிட்ட கண்ணில் உள்ளே அழற்சி மிச்சம் இருக்கலாம். திடீரென்று நிறுத்தினால் அது முன்னைவிட வலுவாகத் திரும்பக்கூடும். நான்கு வேளை மூன்றாகி, இரண்டாகி, ஒன்றாகிக் குறைவது மருத்துவர் மறுபரிசோதனை செய்து சொல்லும் கால அட்டவணைப்படியே நடக்க வேண்டும்.

இதற்கு விலக்கும் உண்டு. நேற்றுவரை திறந்திருந்த கண்ணை நாய் இறுக மூடிக்கொண்டாலோ, கருவிழியில் நீலம் பாய்ந்த வெண்திட்டு தெரிந்தாலோ, மஞ்சளோ பச்சையோ ஆன சீழ் வந்தாலோ, விழி வீங்கிப் பெரிதானதுபோல் தோன்றினாலோ, அடுத்த துளியை விடாமல் அன்றே மருத்துவரை அழைத்துக் கேளுங்கள். இடையில் புதிதாகப் புண் உண்டாகியிருக்கலாம், அழுத்தம் ஏறியிருக்கலாம். நாய் வழக்கத்தைவிட மிகுதியாகத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழித்தாலும் தெரிவியுங்கள்.

பின்சேர்க்கை 1: மருந்து விட்ட உடனே வாயில் நுரை தள்ளுகிறது என்று இருவர் கேட்டிருந்தார்கள். கண்ணீர்க் குழாய் மூக்கிலும் தொண்டையிலும் போய் முடிவதால் மருந்தின் கசப்பு வாய்க்கு எட்டுகிறது. அட்ரோபினில் இது மிகுதி. வாயில் சிறிது தண்ணீரோ தீனியோ கொடுத்தால் அடங்கிவிடும். அடங்காமல் முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ அது ஒவ்வாமை. உடனே கொண்டுபோக வேண்டும்.

பின்சேர்க்கை 2: பூனைக்கும் இதே முறைதானா? பிடிக்கும் முறை ஏறக்குறைய அதுவே. கால்கள் வெளிவராதபடி துண்டால் சுற்றிக்கொண்டால் போதும். ஆனால் மருந்து வேறு விஷயம். பூனைகளின் கண் சிவப்புக்கு ஹெர்ப்பெஸ் வைரஸ் அடிக்கடி காரணமாகிறது. ஸ்டீராய்டு அதை மீண்டும் கிளப்பிவிடும். நாய்க்கு வாங்கிய குப்பியைப் பூனைக்கு விடவே விடாதீர்கள்.

பின்சேர்க்கை 3: பக், ஷிட்ஸு போன்ற சப்பை மூக்கு நாய்களை வளர்ப்பவர்கள் கழுத்தைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கவோ, பிடரித் தோலைப் பின்னால் இழுக்கவோ கூடாது. அவற்றின் கண்குழி ஆழமற்றது. அழுத்தம் கூடினால் விழியே இமைக்கு வெளியே பிதுங்கிவிடும். மார்பின் குறுக்கே முன்கையை அணைத்துப் பிடித்து, தாடையை மட்டும் உயர்த்துங்கள். ஒருவராகச் செய்ய முடியாவிட்டால் ஒருவர் மார்பை அணைக்க, மற்றவர் துளி விடலாம். வேலைக்குப் போகிறவர்களால் நான்கு வேளை விட முடியாத நிலை இருந்தால், நீங்களாக வேளையைக் குறைக்காமல், களிம்பாக மாற்றித் தர முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். களிம்பு கண்ணில் கூடுதல் நேரம் தங்கும் என்பதால் சில மருந்துகளுக்கு அந்த வழி உண்டு.