ஓணத்து அவியலும் மறுநாள் சுண்டக்கறியும்

எங்கள் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1 அன்று. அதுவரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர்கள் இவை. எல்லை மாறினாலும் மார்த்தாண்டம், தக்கலை பக்கத்து வீடுகள் பலவற்றில் ஓணத்து இலை மாறவில்லை. பருப்பு, எரிசேரி (தேங்காய் சேர்த்த ஒரு கெட்டிக் கறி), புளி இஞ்சி எல்லாம் உண்டு. எனக்கோ மிஞ்சிய கறிகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, மறுநாள் சட்டியில் வற்றவைக்கும் சுண்டக்கறி மேல்தான் ஆசை அதிகம். அது ருசிப்பதும் கெடுவதும் முதல் நாள் அவியலில் இருக்கிறது. அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதல் நாள்: அவியல் (6 பேருக்கு)

காய்கள் மொத்தம் 1 கிலோ: சேனை, ஏத்தங்காய் (நேந்திரங்காய்), முருங்கைக்காய், கொத்தவரை, கத்தரிக்காய், தடியங்காய் (வெண்பூசணி), வெள்ளரிக்காய். புளிப்புக்குச் சிறிய மாங்காய் ஒன்று. அரைக்க ஒரு தேங்காய், பச்சை மிளகாய் 6, சீரகம் ஒரு தேக்கரண்டி, சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) 4.

1. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சேனையை நறுக்குங்கள், அரிப்பு குறையும். எல்லாக் காயும் விரல் நீளத்தில், ஒரே கனத்தில் இருக்கட்டும். பொடியாக நறுக்கினால் அது கூட்டு ஆகிவிடும்.

2. அரை டம்ளர் தண்ணீரில் சேனையையும் ஏத்தங்காயையும் மஞ்சள்தூளோடு வேகவிடுங்கள். அவை பாதி வெந்ததும் முருங்கைக்காய், கொத்தவரை. கடைசியில் கத்தரி, தடியங்காய், வெள்ளரி. தடியங்காயும் வெள்ளரியும் தாமே தண்ணீர் விடும். ஆகவே மேற்கொண்டு தண்ணீர் ஊற்றாதீர்கள்.

3. சேனை மசியும் பதத்துக்கு வந்த பிறகே உப்பும் மாங்காயும். புளிப்பு முந்திக்கொண்டால் காய் வேகாமல் விறைத்து நிற்கும்.

4. அரைக்க வேண்டியவற்றைத் தண்ணீர் விடாமல் ஒன்றிரண்டாக அரைத்து, காய்களின் மேல் பரப்பி மூடுங்கள். நான்கு நிமிடத்தில் தேங்காய் வேகும் மணம் வரும். அப்போது கரண்டிக்காம்பால் அடியிலிருந்து மெல்லப் புரட்டுங்கள்.

5. இறக்கி, இரண்டு மேசைக்கரண்டி பச்சைத் தேங்காய் எண்ணெயும் ஒரு கைப்பிடி கறிவேப்பிலையும் போட்டு மூடிவிடுங்கள். தாளிப்பு வேண்டாம்.

பலர் தயிர் சேர்ப்பார்கள். நான் மாங்காய்க்கு மாறியதற்குக் காரணம் உண்டு. ஒரு வருடம் தயிர் ஊற்றிய அவியலை இரவு முழுக்க அடுப்படியிலேயே விட்டுவிட்டேன். காலையில் மூடியைத் திறந்ததும் புளித்த வாடை. அத்தனையையும் கொட்ட வேண்டியதாயிற்று. தயிர்தான் பிடிக்கும் என்றால் இலைக்கு வேண்டியதில் மட்டும் கலந்துகொள்ளுங்கள்.

சாப்பாடு முடிந்ததும்

மீதியை வாயகன்ற பாத்திரங்களில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். தேங்காய் அரைத்த கறிகள் எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் தாங்காது. சோற்றையும் ஆறப்போடாமல் பானையிலேயே விடக்கூடாது. புளி இஞ்சியைப் பற்றிக் கவலை இல்லை. ஈரக் கரண்டி படாமல் இருந்தால் போதும்.

மறுநாள்: சுண்டக்கறி

சேர்க்கக்கூடியவை அவியல், சாம்பார், எரிசேரி, துவரன் (தேங்காய் போட்ட பொரியல்), ஒரு கரண்டி ரசம். தயிர்ப் பச்சடி, மோர்க்கறி, பாயசம் மூன்றையும் அண்டவிடாதீர்கள்.

மண்சட்டியில் முதலில் சாம்பாரையும் ரசத்தையும் ஊற்றித் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். பிறகு கெட்டியான கறிகளைப் போடுங்கள். நான்கு சின்ன உள்ளியைத் தட்டிப் போட்டு, தீயை நன்றாகக் குறைத்துவிடுங்கள். முக்கால் மணி நேரம் ஆகும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் அடிபிடித்துக் கசந்துபோகும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அடியைத் தொட்டுக் கிளறினால் போதும்.

பதம் கண்ணுக்கே தெரியும். மஞ்சள் நிறம் மெல்ல மங்கித் தவிட்டு நிறமாகும். முருங்கைக்காயின் சதை கழன்று, குச்சி மட்டும் தனியே நிற்கும். சேனை கரைந்து குழம்பைப் பிடித்துக்கொள்ளும். சட்டியின் ஓரத்தில் எண்ணெய் மினுமினுத்து, கரண்டி இழுத்த தடம் உடனே மூடாமல் இருந்தால் இறக்கிவிடலாம். உப்பை அப்போது பாருங்கள். வற்ற வற்ற உப்பு ஏறும், முன்கூட்டிப் போடக்கூடாது. ஒருமுறை சுண்டியதை அன்றே சாப்பிட்டுத் தீர்த்துவிடுங்கள்.

பழைய சோற்றைப் பிழிந்து வைத்து, சுண்டக்கறியோடு ஒரு காந்தாரி மிளகாயைக் கடித்துக்கொள்ளுங்கள். சட்டி காலியானதும் கழுவப் போட்டுவிடாதீர்கள். எங்கள் அம்மா அதில் இரண்டு பிடி சோற்றைப் போட்டு, ஓரத்தில் ஒட்டியதையெல்லாம் வழித்துப் புரட்டி, சுற்றி உட்கார்ந்திருக்கும் எங்கள் கைகளில் ஆளுக்கொரு உருண்டையாக வைப்பாள்.